முதன்முறை பின்னுவோருக்கு ஒரு போன்ச்சோ

கார்த்திகை பிறந்ததும் தலைநகரில் வாழும் நம் இல்லங்களில் கம்பளிப் பெட்டி திறக்கப்படும். சென்ற ஆண்டு மணிக்கட்டு வரை இறங்கிய ஸ்வெட்டர் இவ்வாண்டு பாதிக் கையோடு நின்றுவிடும். ஆண்டுதோறும் புதிது வாங்குவது மாதச் சம்பளக்காரராகிய நமக்கு எளிதன்று. ஆகவே இம்மாதம் போன்ச்சோவைப் பற்றிச் சிறிது எழுதத் துணிகிறோம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் அணியும் உடை அது. தலை நுழைய நடுவே வழிவிட்ட போர்வை என்றே கொள்ளலாம். கையும் தோளளவும் இல்லாமையால் பிள்ளை வளர்ந்தாலும் இரண்டு மூன்று குளிர்காலங்களுக்கு உதவும்.

குரோஷா ஊசியைத் தொட்டறியாத சகோதரிகளும் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு நீள்சதுரங்கள் பின்னினால் போதும். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம், 23 அங்குல நீளம். நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் கொண்டால் அங்குலத்திற்கு ஏறக்குறைய 4 பின்னல் விழும். நூல் முழுவதையும் ஒரே சாய எண்ணில் ஒரே தடவையில் வாங்கிவிடுக. பின்னர் வாங்குவது நிறம் மாறி நிற்கும்.

முதலில் 50 சங்கிலி போடுக. நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் நுழைத்து இழுத்தால் மூன்று வளையங்கள் நிற்கும். நூலைப் பற்றி இரண்டினூடே இழுக்க. மீண்டும் பற்றி மீதி இரண்டினூடே இழுக்க. இதனை நம் நாட்டுப் புத்தகங்கள் பலவும் ட்ரெபிள் என்னும். அமெரிக்கப் புத்தகங்களோ டபிள் குரோஷா என்னும். பெயரால் குழம்புவோர் பலர். விட்ட மூன்று சங்கிலியும் ஒரு பின்னலாகக் கணக்காவதால் வரிசைக்கு 48 வரும்.

வரிசை முடிந்ததும் 3 சங்கிலி போட்டுத் திருப்புக. அதுவே புது வரிசையின் முதற் பின்னல். அடுத்ததை இரண்டாவதன் தலையில் போட வேண்டும். கடைசிப் பின்னல் முன்வரிசைச் சங்கிலியின் உச்சியில் விழ வேண்டும். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். 48 என்பது 47 ஆகி, 46 ஆகி, துணி கூம்பிப்போகும். ரயில்வே கணக்கேட்டில் பக்கந்தோறும் கூட்டிப் பார்த்தே மறுபக்கம் புரட்டுவோம். அவ்வழக்கம் இங்கும் நன்று. ஐயம் தோன்றினால் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் ஊசியைக் காட்டுக. பாஷை தேவையில்லை. ஊர்விட்டு வந்த நம் பெண்கள் பலருக்கு முதற் குளிர்காலத்தில் வாய்த்த முதல் தோழமை இவ்வாறு வந்ததே.

இரண்டும் முடிந்தபின் அவற்றை ‘ட’ எழுத்துப்போல் வைக்க. நிற்பதன் அடி ஓரத்தைக் கிடப்பதன் மேல் ஓரத்தில் இடப்புற முனையில் தைக்க. கிடப்பதன் வலப்புறக் குறுகிய ஓரத்தை மடித்துத் தூக்கி, நிற்பதன் வலப்பக்க ஓரத்தில், மேல் முனையோடு சேர்த்துத் தைக்க. தைக்காது எஞ்சும் 11 அங்குலம் இரண்டும் கூடி 22 அங்குலக் கழுத்தாகும். எனினும் குழந்தையின் தலையை முன்னரே அளந்துகொள்வது நலம். பெரியவர்களுக்கு 18 அங்குலத்திற்கு 30 அங்குலம் வைத்தால் கழுத்து 24 ஆகும்.

ஓரத்தில் குஞ்சம் கட்டுவது அழகுதான். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாமென்றே நினைக்கிறோம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பருகே செல்லும்போதும், ஹீட்டரைச் சுற்றி அமரும்போதும் போன்ச்சோவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுக.