கருவியின் பாஷை

1911ஆம் வருஷம் ஏப்ரல் 8ஆம் தேதியன்று, ஹாலந்து தேசத்து லைடன் நகரப் பிரயோகசாலையில் பேராசிரியர் காமர்லிங் ஓனஸும் கருவிகளில் கைதேர்ந்த ஃபிளிமும் திரவ ஹீலியத்தைப் பேணிக்கொண்டிருக்க, ஹோல்ஸ்ட், டோர்ஸ்மன் என்ற இருவர் 50 மீட்டர் தள்ளி ஓர் இருட்டறையில் அமர்ந்து கால்வனாமீட்டர் காட்டிய அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி என்னும் அந்தச் சீதளத்தில் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோன அதிசயம், ஓனஸின் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய சில சொற்களாக நமக்குக் கிடைத்தது.

நால்வர் கூடிச் செய்த அந்த வேலையை இன்று பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரல் செய்துவிடுகிறது. அந்த மொழியும் அதே ஹாலந்தில், 1989 டிசம்பரில் வான் ராஸம் என்பவர் எழுதத் தொடங்கியது என்பதை நினைக்க மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஹீட்டருக்கு ஆணையிட்டு, வெப்பநிலை நிலைகொள்ளும் வரை பொறுத்து, மின்னோட்டத்தைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்து, அறையின் உஷ்ணத்திலிருந்து குளிருக்குள் இறங்கும் கம்பிகளில் தானாகவே எழும் சிறு மின்னழுத்தம் கணக்கைக் கெடுக்காதபடி மின்னோட்டத்தின் திசையை மாற்றி மறுபடியும் அளக்கும் காரியத்தை, விடிய விடிய அது சலிப்பின்றிச் செய்கிறது.

ஆயினும் நான் அதைப் போற்றுவது இந்தச் சௌகரியத்துக்காக அன்று. உலோகத் துண்டு முற்றிலும் குளிரும் முன்பே அவசரப்பட்டு அளந்தவன் பொய்யான விடையைப் பெறுவான். எத்தனை விநாடி பொறுத்தான் என்பது நிரலில் எழுத்தாக நிற்கும்போதுதான், வேறொரு தேசத்து ஆராய்ச்சியாளரும் அந்தப் பரிசோதனையை அப்படியே திரும்பச் செய்து மெய்யை அறிய முடியும். மூடி முத்திரையிட்ட மென்பொருளில் பொத்தானை அமுக்கிப் பழகிய மாணவனுக்கு, தன் கருவி உள்ளே என்ன செய்தது என்பதே தெரியாது. பல கம்பெனிகளின் கருவிகளை ஒரே இணைப்பில் கோத்துப் பேசவைக்கும் பொதுமுறை 1975லேயே வகுக்கப்பட்டது. அளவுக் கருவிகளுக்கான பொதுவான ஆணைச் சொற்கள் 1990ல் வந்தன. அப்படியிருக்க, கருவியை விற்றுவிட்டு அதன் ஆணைகளை மட்டும் மறைத்து வைப்பதற்கு வியாபாரத்தைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அனுபவமில்லாத கை கருவியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. மீகடத்திக் காந்தத்தில் மின்னோட்டத்தை மிதமிஞ்சிய வேகத்தில் ஏற்றினால், அது மின்தடையற்ற தன் குணத்தை இழந்து, நம் நாட்டுக்குக் கப்பலேறி வரும் அரிய ஹீலியத்தைச் சில கணங்களில் ஆவியாக்கிவிடும். அதற்கு மருந்து, மீற முடியாத எல்லைகளைக் கருவிக்குள்ளேயே வைப்பதும், அருகிலிருந்து கற்பிப்பதும்தான், பூட்டு அன்று.

பொதுப்பணத்தில் கருவி வாங்கும் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் டெண்டர் நிபந்தனைகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கருவியோடு அதன் ஆணைகள் அனைத்தும் அடங்கிய புத்தகத்தையும் விலையின்றித் தரவேண்டும் என்ற ஒரு வரியை, அடுத்த முறை தவறாமல் சேர்த்துவிடுங்கள்.