தொக்கணமும் விளையாட்டு வீரரும்

தேகாப்பியாசத்தின் மேன்மையைக் குறித்து எழுதுவோர் பலர். ஓடியாடிக் களைத்த தேகத்தை எங்ஙனம் பேணுவது என்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. ஆதலின் அதனைக் குறித்துச் சில கூறத் துணிந்தேன்.

தைத் திங்களில் செம்பட்டிச் சந்தியில் சிறிது பொழுது நிற்பவர்க்கு இப்பொருளின் இரு பக்கமும் விளங்கும். திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் ஆகிய ஊர்ச் சாலைகள் கூடும் அவ்வழியே, மதுரைப் பக்கத்து அடியார் பழநிக்குத் திரள் திரளாக நடந்து செல்கின்றனர். சாலையோர நிழலில் ஒருவர் காலை மற்றொருவர் எண்ணெயிட்டுப் பிடித்துவிட, அவர் எழுந்து நடப்பார். அதே மாதத்தில் சுற்றுப்புறக் கிராமங்களில் பொங்கலையொட்டிச் சடுகுடுப் பந்தயங்களும் நிகழும். அங்கே கணுக்கால் பிசகிய இளைஞனை நால்வர் அமுக்கிக்கொள்ள, ஐந்தாமவர் வீங்கிய காலைத் தம் பலமெல்லாம் கூட்டி உருவுவார். அவன் அலறுவான், அலறினாலன்றிச் சுளுக்கு விடாது என்பது சுற்றி நிற்போர் சித்தாந்தம்! முன்னது நன்று, பின்னது தீது. இரண்டையும் ஒன்றென மயங்குவதே நம் மைதானங்களில் யான் காணும் பெருங்குறை.

இக்கலை நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியம் கூறும் 32 புறமருத்துவ முறைகளுள் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதனை ஒன்பது வகையாக வகுப்பர். மேனாட்டார் முறையும் தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என ஏறக்குறைய இவற்றையே தழுவியது.

பந்தயத்திற்கு முன் செய்வது விரைவாகவும் சுருக்கமாகவும் இருத்தல் வேண்டும்; நெடுநேரம் பிசைந்தால் தசை தளர்ந்து வலிமை குன்றும். பந்தயம் முடிந்து, வியர்வை அடங்கி, நீர் பருகிய பின்னர்ச் செய்வதே தலையாயது. நல்லெண்ணெய் சிறிதிட்டு, உள்ளங்கையால் பாதத்திலிருந்து மேல்நோக்கி, அதாவது இருதயத்தை நோக்கி, மெல்லத் தடவுக. தசை இளகிய பின்னரே கெண்டைக்காலையும் தொடையையும் இரு கைகளாலும் பற்றிப் பிசைக. இறுகிய இடம் அகப்பட்டால் கட்டைவிரலால் சிறிது பொழுது அழுத்தி விடுக. எலும்பின்மேலும் முழங்காலின் பின்குழியிலும் அழுத்தலாகாது. ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் போதும். கிடப்பவன் முகத்தைப் பார்த்தே கையின் பாரத்தை அறிதல் வேண்டும்.

இதனால் விளையும் பயனை மிகைப்படுத்தவும் வேண்டா. தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தை இது பிழிந்து வெளியேற்றும் என்று பலர் இன்னும் சொல்லுகின்றனர். அவ்வமிலமோ ஓய்ந்த ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தானே குறைந்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டில் 29 ஆராய்ச்சிகளை ஒருங்கே சீர்தூக்கியோர், இம்முறை ஓட்டத்தின் வேகத்தையோ உடலின் பலத்தையோ பெருக்குவதாகக் கண்டிலர். மறுநாள் வலி சிறிது தணிதலும், உடல் வளைந்துகொடுத்தலுமே கண்டனர். நாள்தோறும் ஆடவேண்டிய பந்தய வாரத்தில் அச்சிறு நன்மையும் பெரிதேயாம்.

இனிப் புதிய காயத்தைப் பற்றி. அடிபட்ட இரண்டு மூன்று நாள்களுக்கு அவ்விடத்தை உருவுதல் உள்ளே கசியும் இரத்தத்தை மிகுவிக்கும். தொடையில் அடிபட்ட தசையை ஓயாது உருவினால், அத்தசைக்குள்ளேயே எலும்பு விளைதலும் உண்டு. கணுக்கால் பிசகியவன் நான்கு அடி எடுத்துவைக்க இயலானாயின், எலும்பு முறிவை ஐயுற்று எக்ஸ்-ரே எடுக்கவேண்டும் என்பது கானடாவின் ஒட்டாவா நகர மருத்துவர் 1992-இல் வெளியிட்ட விதிகளுள் ஒன்று. முறிந்த எலும்பைச் சுளுக்கென்று உருவியதனால் ஓராண்டு ஆட்டத்தை இழந்த இளைஞரை யான் அறிவேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் காரணமின்றி வீங்கிச் சூடாயிருப்பின், அங்கே கைவைத்தலே ஆகாது. நாளத்தில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று உயிர்க்கே கேடு செய்யக்கூடும்.

பிறர் காலைப் பிடித்துவிடுதல் இழிதொழில் என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் அகன்றபாடில்லை. சீடர் கால்களைக் கழுவிய பெருமான் திருநாமத்தால் நடைபெறும் கல்லூரியில் இவ்வெண்ணத்திற்கு இடமேது? ஒவ்வொரு விளையாட்டுக் குழுவிலும் இருவர் இதனைத் தக்காரிடம் முறையாகப் பயிலவேண்டும். அவருள் ஒருவர் குழுத்தலைவராகவே இருத்தல் நன்று. பெண்கள் குழுவில் பெண்களே பயிலுக. விளையாட்டுக் கழகம் இதற்கெனச் செய்ய வேண்டிய செலவு பெரிதன்று: தாழ்ந்த பலகை ஒன்று, தூய துணிகள் சில, நல்லெண்ணெய். அடுத்த பந்தயக் காலம் தொடங்குமுன் சித்த வைத்தியர் ஒருவரையும் பிஸியோதெரபி கற்றவர் ஒருவரையும் அழைத்து ஒரு வாரம் வகுப்பு நடத்துமாறு கல்லூரித் தலைவர் அவர்களை வேண்டிக்கொள்ளுகிறேன்.