தாயின் மனத்தையும் பேணுவோம்

பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி கொடுக்கிறோம். 31ஆம் நாள் துடக்குக் கழிக்கிறோம். அவள் உள்ளத்தின் நலத்தைக் கேட்பார் யார்?

மகப்பேற்றின் பின் சில நாட் கண்ணீர் இயல்பு. இரு வாரங்களுக்கு மேலும் துயர் நீடிப்பின் அது நோய். சோம்பலுமன்று, பேய்க்கோளாறுமன்று, வைத்தியத்தால் மாறும் நோய். தந்தையரையும் அது விட்டுவைப்பதில்லை.

அதனை இனங்காண 1987இல் வகுக்கப்பட்ட எடின்பரோ அளவுகோலில் உள்ளவை 10 வினாக்களே. இறுதி வினா, தனக்குத் தானே தீங்கிழைக்கும் எண்ணம் எழுந்ததா என்பது. மாமியார் முன்னிலையில் அதற்கு எந்தப் பெண் உண்மை உரைப்பாள்? ஆதலின், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் தாயைத் தனிமையில், அவள் மொழியில் வினவ வேண்டும்.

அதற்குப் போதிய ஆட்களை நியமிப்பது அரசின் கடமை. அவளைத் தடையின்றிப் பேசவிடுவதும், இரவில் பிள்ளையை ஏந்தி அவளை உறங்கவிடுவதும் குடும்பத்தாரின் கடமை. இரண்டையும் வற்புறுத்துகிறோம்.