கப்பலேறிய காவிரி

குடகில் பிறந்து, தஞ்சை மண்ணில் நெல்லாய் விளைந்து, பூம்புகாரில் கடலொடு கலப்பது காவிரி. கா விரித்துச் செல்வதால் காவிரி எனத் தமிழறிஞர் பொருள் கண்டனர். அவ்வாற்றின் பெயரால் ஒரு போர்க்கப்பல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் உழைத்தது. எனினும், அரசின் ஏட்டில் ஒருநாளேனும் அதன் பெயர் ‘காவிரி’ என்று இருந்ததில்லை!

1943இல் இசுகாத்துலாந்தின் கிளாசுகோ நகரில் அக்கப்பல் கட்டப்பெற்றது. எடை ஏறத்தாழ 1,350 தன். நான்கங்குலப் பீரங்கிகள் ஆறு. வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்வதும் நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதும் அதன் தொழில். ஆங்கிலேயரின் கீழைக் கடற்படையில் சேர்ந்து, 1944, 1945 ஆம் ஆண்டுகளில் இந்துமாக்கடலில் காவல் புரிந்தது. உழைப்பு அடிமை நாட்டினது, போர் ஆள்வோருடையது. ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பச் சிதைத்த வடிவிலேயே ஆற்றின் பெயரை எழுதினர். அடிமைக்குத் தன் பெயரைத் தானே எழுதும் உரிமை ஏது?

நாடு பிரிந்தபோது கோதாவரியும் நருமதையும் பாக்கித்தானுக்குச் சென்றன. சட்லெசு, யமுனை, கிருட்டிணை, காவிரி ஆகியவற்றின் பெயர்தாங்கிய நான்கும் இந்தியாவுக்கு வந்தன. 1961 திசம்பரில் கோவாவைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்கச் சென்ற படையிலும் அக்கப்பல் நின்றது. 1970களின் பிற்பகுதியில் அதன் வாழ்வு முடிந்தது.

விடுதலைக்குப் பின் தில்லியார் பெயர்களைத் திருத்தினர். ‘சம்னா’ என்பது ‘சமுனா’ ஆயிற்று. ‘கிசுட்னா’ என்பது ‘கிருட்டிணா’ ஆயிற்று. நன்று! காவிரிக்கும் திருத்தம் வந்தது. ஆனால் ‘காவிரி’ என்றன்று, வடமொழியார் வழங்கும் ‘காவேரி’ என்று! ஆங்கிலத் திரிபு போய் வடமொழித் திரிபு அமர்ந்தது. விலங்கு மாறியதேயன்றிக் கழன்றதா?

“பெயரில் என்ன இருக்கிறது? கடமையன்றோ பெரிது!” என்பாரும் உளர். பெயர் பெரிதன்றெனில் கிசுட்னாவைத் திருத்தியது எதற்காக?

பின்னர் நிகழ்ந்ததும் நோக்குக. 1983, 1985, 1988 ஆம் ஆண்டுகளில் கோதாவரி, கங்கை, கோமதி என மூன்று போர்க்கப்பல்கள் படையிற் சேர்ந்தன. 2000, 2004, 2005 ஆம் ஆண்டுகளில் பிரமபுத்திரா, பெட்வா, பியாசு என மூன்று சேர்ந்தன. ஆறும் முன்னைக் கப்பல்கள் தாங்கிய பழம்பெயர்களே. அவற்றுக்கெல்லாம் மறுபிறப்பு வாய்த்தது. இவ்விரு வரிசையிலும் காவிரிக்கு இடமில்லை!

1025இல் கடாரம் வென்ற இராசேந்திரனின் கடற்படைச் செயலைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு இன்றும் தமிழிலேயே கூறி நிற்கிறது. கடல் கடந்த வெற்றியைத் தன் மொழியில் பொறித்த மண், தன் ஆற்றின் பெயரைப் பிறர் நாவிலிருந்து இரந்து பெறுவதோ?

இனியொரு போர்க்கப்பல் அவ்வாற்றின் பெயர் பெறட்டும். அது ‘காவிரி’ என்றே பெறட்டும். அதன் பக்கத்தில் தமிழெழுத்தும் பொறிக்கப்படட்டும். இதைக் கேட்கும் உரிமை தமிழர்க்கு உண்டு; கேளாதிருப்பதே இழுக்கு.