பத்து வெள்ளைக்கருவும் அம்மாவோட ரசஞ்சோறும்

ஜிம்மில சேர்ந்த ரெண்டாவது நாளே டிரெய்னர் ஒரு பேப்பரை நீட்டினார். "ப்ரோ, உடம்பு ஏறணும்னா இதை அப்படியே ஃபாலோ பண்ணுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

வாங்கிப் பார்த்தேன். பத்து முட்டை, வெள்ளைக்கரு மட்டும். ஓட்ஸ் நூறு கிராம். சிக்கன் பிரெஸ்ட் கால் கிலோ. ப்ராக்கோலி இருநூறு கிராம். பாதாம் முப்பது கிராம். வே புரோட்டீன் ரெண்டு ஸ்கூப். இட்லியோ, பருப்போ, சுண்டலோ பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் இல்ல. பேப்பருக்கு அடியில பவுடர் வாங்குறதுக்கு ஒரு போன் நம்பர். யாரோடதுன்னு பார்த்தா அவரோடதேதான் :-)

நமக்கோ பொட்டி தட்டுற பொழப்பு. எதையும் எக்செல்ல போட்டுப் பார்க்கலன்னா தூக்கம் வராது. வேளச்சேரியில நான் வாங்குற கடைகளோட விலையைப் போட்டேன். முட்டைக்கு 70, சிக்கனுக்கு 90, ஓட்ஸ் 20, ப்ராக்கோலி 50, பாதாம் 27, பவுடர் 200. ஒரு நாளைக்கு 457 ரூபாய். மாசத்துக்கு 13,700 சொச்சம். ரூம் வாடகையில என் பங்கே அவ்வளவு வராது. எஜுகேஷன் லோன் வேற இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. கண்ணைக் கட்டுது சாமி.

அந்தப் பேப்பர்ல என்னை ரொம்பக் கடுப்பேத்தினது பவுடர் இல்ல, முட்டை. ஒரு முட்டையில சுமாரா ஆறு கிராம் புரதம் இருக்கு. அதுல ரெண்டரை கிராமுக்கு மேல மஞ்சள்கருவிலதான் இருக்கு. பத்து முட்டைக்குக் காசு கொடுத்துட்டு ஆறு முட்டைப் புரதத்தைச் சாப்பிட்டு மிச்சத்தைக் குப்பையில கொட்டணுமாம். இதுக்குப் பேரு டயட்டா? எங்க ஆபீஸ்ல இப்படி கோட் எழுதினா டேமேஜர் நாலு பேர் முன்னாடி வச்சுக் காய்ச்சிடுவார்.

சரி, உண்மையில எவ்வளவுதான் வேணும்? இந்தியர்களுக்கு ஐசிஎம்ஆர் சொல்ற கணக்கு, உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். அது சும்மா நடமாடுறதுக்கு. எடை தூக்கித் தசை ஏத்தணும்னா 1.6 கிராம் வரைக்கும் பலன் இருக்கு, அதுக்கு மேல போனா பெருசா ஒண்ணும் இல்லன்னு 2018ல ஒரு பெரிய ஆய்வுத்தொகுப்பு வந்தது. நான் 68 கிலோ. அப்ப ஏறக்குறைய 110 கிராம். பக்கத்து பெஞ்சுல எடை தூக்குற பையன் 200 கிராம் சாப்பிடறேன்னு பெருமையா சொல்றான். சாப்பிடட்டும், அவங்கப்பா காசு.

இந்த 110ஐ அண்ணாச்சி கடையை விட்டு வெளியே போகாம தேத்த முடியுமான்னு உட்கார்ந்தேன். முட்டை நாலு, முழுசா, 24 கிராம், 28 ரூபாய். மீல்மேக்கர் அம்பது கிராம், 26 கிராம் புரதம், விலை ஏழே ரூபாய் (நம்ப முடியாம ரெண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன்). ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், பாலா பாதி தயிரா பாதி, அதுல 16. கருப்புக் கொண்டைக்கடலை அம்பது கிராம் சுண்டல், 10. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 10. பருப்பு நாப்பது கிராம், 9. இட்லி, தோசை, சோறுன்னு வழக்கமா உள்ள போறதுல ஒரு 20. கூட்டினா 115. அரிசியை விட்டுட்டு மத்ததுக்கு ஆன செலவு 72 ரூபாய். ஞாயித்துக்கிழமை மட்டும் மீல்மேக்கருக்குப் பதிலா மத்தி மீனோ கோழியோ. அவ்வளவுதான் ராக்கெட் சயின்ஸ்.

பவுடர் விஷம்னு நான் சொல்ல வரல. பாலைத் திரிச்சு சீஸ் எடுக்கும்போது மிஞ்சுற தண்ணியைக் காயவச்சதுதான் வே, பாலோட சொந்தக்காரன். ஆனா 24 கிராம் புரதத்துக்கு அதுல நூறு ரூபாய், முட்டையில இருபத்தெட்டு, மீல்மேக்கர்ல ஏழுக்கும் குறைவு. அதுவும் டப்பாவில போட்டிருக்கிறது உள்ள இருந்தாத்தான். 2024ல கேரளாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருத்தரோட குழு, இந்தியாவில விக்கிற 36 பவுடர்களை வாங்கிச் சோதிச்சு வெளியிட்டாங்க. பத்துல ஏழுல லேபிள்ல சொன்ன புரத அளவு சரியில்ல. அதே வருஷம் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட வழிகாட்டியும், தசைக்காகப் பவுடர் சாப்பிடறதைத் தவிர்க்கச் சொல்லுது. காசு இருக்கு, சமைக்க நேரமில்ல, நம்பிக்கையான கம்பெனின்னா வாங்கிக்கோங்க. கடன் வாங்கி வாங்காதீங்க.

'மீல்மேக்கர் சாப்பிட்டா ஆம்பளத்தன்மை போயிடும்'னு உடனே ஒரு அண்ணன் வருவார், தெரியும். சோயா ஆண்களோட டெஸ்டோஸ்டிரோனை மாத்துதான்னு பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2021ல ஒரு கட்டுரை வந்தது. மாத்தலன்னுதான் முடிவு. வாடைதான் பிரச்சினைன்னா கொதிக்கிற தண்ணியில போட்டு ரெண்டு தடவை நல்லா பிழிஞ்சுட்டு, மிளகு, சோம்பு தட்டிப்போட்டு சுக்கா மாதிரி வறுங்க. கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேகவைங்க. முதல் வாரம் நான் அதைச் செய்யாம ரூம்மேட் ரெண்டு பேரும் பால்கனியில படுத்தாங்க, ஹி ஹி. வேர்க்கடலையில மட்டும் கவனம். புரதம்தானேன்னு கால் கிலோவைக் கொறிச்சா 1,300 கலோரிக்கு மேல போயிடும், தசைக்குப் பதிலா தொப்பைதான் வளரும்.

இன்னொண்ணு. நாம 'பருப்பு தினமும் சாப்பிடறோமே'ன்னு நினைக்கிறது பாதி பிரமை. ஹோட்டல் சாம்பார் ஒரு கரண்டியில ரெண்டு மூணு கிராம் புரதம் தேறினா பெரிய விஷயம். மிச்சமெல்லாம் தண்ணி, புளி, ஒரு முருங்கைக்காய்த் துண்டு. பருப்பு கெட்டியா வேணும், சோறு ஒரு கரண்டி குறையணும். அரிசியில குறையிற லைசின் பருப்புல இருக்கு, பருப்புல குறையிறது அரிசியில இருக்கு. இட்லிக்கு உளுந்து சேர்த்தவங்க நம்மளை விட விவரமானவங்க.

இப்படியே மூணு மாசம் ஓடுச்சு. சட்டை தோள்ல பிடிக்க ஆரம்பிச்சது. டெட்லிஃப்ட் நூறு கிலோவைத் தொட்டாச்சு. இந்தப் பெருமையோட ஊருக்குப் போனேன். கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம்.

வாசல்ல தெருக்குழாய். அம்மா குடத்தை நிரப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டாங்க, "ஏ தாயி, இதை இடுப்புல தூக்கி வச்சுவிட்டுப் போ". பிள்ளை ஒன்பதாவது படிக்கிறா. பதினஞ்சு லிட்டர் குடம். எங்கம்மாவுக்கு வயசு 54. நான் சின்னப் பையனா இருக்கும்போது இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணுன்னு நடந்தவங்க. உள்ள வந்து தரையில உட்கார்ந்தவங்க எந்திரிக்கிறதுக்கு ஒரு கையைத் தரையில ஊனி, இன்னொரு கையால முழங்காலைப் பிடிச்சாங்க. "எப்ப இருந்தும்மா இப்படி?" "அது கிடக்கு ரெண்டு வருசமா. நீ சாப்பிடுய்யா."

எனக்கு மூணு முட்டை அவிச்சு வச்சிருந்தாங்க. மகன் ஜிம்முக்குப் போறான்ல. அப்பாவுக்கு ஒரு ஆம்லெட். அவங்க தட்டுல ரசஞ்சோறு, ஓரத்துல கொஞ்சம் கத்திரிக்காய்.

அன்னிக்கு ராத்திரி எக்செல்ல புதுசா ஒரு ஷீட் திறந்தேன். காலையில ரெண்டு இட்லி, 5. ரெண்டு காப்பியில இருக்கிற பால், 6. மதியம் சோறு, 11. காய், ரசம், 3. ராத்திரி மிஞ்சின சோறும் மோரும், 9. ஆக மொத்தம் 34 கிராம். அவங்க 58 கிலோ. ஜிம்முமில்லாம ஒண்ணுமில்லாம அவங்களுக்கு வேண்டியதே 48. நாப்பது தாண்டினாலே தசை கொஞ்சங்கொஞ்சமா கரையுது, மாதவிடாய் நின்னதுக்கப்புறம் இன்னும் வேகமா கரையுதுன்னு படிச்சிருக்கேன். படிச்சது எனக்கு டயட் சார்ட் போடும்போதுதான். அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கேன், நமக்கு இல்லன்னு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஊர்ல பொண்ணு வயசுக்கு வந்தா உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயை ஊத்தி, நாட்டுக்கோழி முட்டையும் கொடுப்பாங்க. இடுப்பெலும்புக்கு பலம்னு பேரு. புள்ள பெத்தா மறுபடி கொஞ்ச நாளைக்கு. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் யாரும் கிண்டித் தர்றதில்ல. எனக்கோ, அரசாங்கமே முட்டை கொடுத்தது. சத்துணவுல 1989ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சது, 2010ல நான் எட்டாவது படிக்கும்போது வாரத்துக்கு அஞ்சாச்சு. நாங்க வரிசையில நின்னு வாங்கின அந்த முட்டை மாதிரி எங்கம்மா வயசுக்காரங்களுக்கு ஒரு வரிசையே கிடையாது. ரேஷன்ல முப்பது ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு வருது, நல்ல விஷயம். அது சட்டியில இருந்து தட்டுக்கு வரும்போது கெட்டியா இருக்கிறது ஆம்பளைங்களுக்குப் போயிடுது, தெளிவுதான் இவங்களுக்கு.

ஆகவே மக்களே, என் கருத்து இதுதான். பட்ஜெட்ல தசை வளர்க்கிறது எப்படின்னு கேக்குற ஒவ்வொரு பையனும் தனக்கு மட்டும் கணக்குப் போடுறது அரைக்கணக்கு. அதே வீட்டு அடுப்புல, அதே கடலையை, அதே முட்டையை இன்னொருத்தர் வேகவச்சுட்டு, தான் சாப்பிடாம இருக்காங்க. அந்த 457 ரூபாய் சார்ட்டுல ஒரு ஆள்தான் சாப்பிட முடியும். 72 ரூபாய் சார்ட்டுன்னா வீடே சாப்பிடலாம், பவுடருக்குப் போற காசுல மிச்சமும் இருக்கும்.

சொல்றது சுலபம். அம்மாகிட்ட சொன்னதுக்கு, "எனக்கு எதுக்குய்யா இதெல்லாம், நான் என்ன குஸ்திக்கா போறேன்"னு சிரிச்சாங்க. லேசா சுகர் இருக்கிறதால முதல்ல கூட்டிட்டுப் போய் கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்தேன். கிட்னிக் கோளாறு இருக்கிறவங்களுக்குப் புரதத்தை இஷ்டத்துக்கு ஏத்தக்கூடாது. டாக்டர் பார்த்துட்டு தாராளமா கொடுக்கச் சொன்னார். காலையில ஒரு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி மோருக்குப் பதிலா தயிர். கிட்டத்தட்ட 50 வந்துடுது. அப்புறம் நாற்காலியில உட்கார்ந்து கை ஊனாம எந்திரிக்கணும், பத்து தடவை, ரெண்டு வேளை. வெறுமனே சாப்பிட்டா மட்டும் தசை வராதே. "காலையில இருந்து வேலைதானே செஞ்சுக்கிட்டு இருக்கேன், இது வேறயா"ன்னு அதுக்கும் ஒரு சண்டை. பெருக்குறதும் துடைக்கிறதும் எடை தூக்குறது ஆகாதுன்னு புரியவைக்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் ஆச்சு.

நேத்து போன் பண்ணினேன். "முட்டை சாப்பிட்டியாம்மா?" "ஆங், ஆச்சு ஆச்சு." பின்னாடி இருந்து அப்பா குரல், "பொய் சொல்றாடா, என் தட்டுல வச்சுட்டா".

"அப்ப நீங்க ஏம்ப்பா சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டேன். லைன் கட்டாயிடுச்சு. இனிமே காலையில ஏழரைக்கு வீடியோ கால்தான்.

டிஸ்கி: ப்ராக்கோலி விரோதி அல்ல நான். கிலோ அம்பது ரூபாய்க்கு வந்தா சொல்லி அனுப்புங்க.