பாங்காக் போனால் அமெரிக்க விசாவா? ஏமாறாதீர்கள்!

"பாங்காக்கில் மூன்று நாள் ஜாலியாகச் சுற்றுங்கள். அப்படியே அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் டூரிஸ்ட் விசாவும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்!"

இப்படி ஆசை காட்டிக்கொண்டு எந்த ஏஜென்டாவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அந்தக் கதவை அமெரிக்கா 2025-லேயே சாத்திவிட்டது.

முன்பு அது திறந்திருந்தது வாஸ்தவம்தான். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல், முதல் தடவையாக அமெரிக்க டூரிஸ்ட் விசா கேட்ட இந்தியர்கள் இன்டர்வியூ தேதிக்கே இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டி வந்தது. கூட்டத்தைச் சமாளிக்க, 2023 பிப்ரவரியில் டெல்லி அமெரிக்கத் தூதரகமே ஒரு வழி சொன்னது. வெளிநாடு போகிற இந்தியர்கள் போகிற ஊரில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் மனுப் போடலாம் என்றது. உதாரணமாக பாங்காக்கைக் காட்டியது. பலர் விமானம் ஏறினார்கள். ஏஜென்டுகள் காட்டில் மழை!

2025 செப்டம்பர் 6-ந் தேதி அமெரிக்க அரசு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தற்காலிக விசா கேட்பவர்கள் சொந்த நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் இன்டர்வியூவுக்கு வர வேண்டும் என்று அறிவித்தது. வேறு நாட்டில் மனுப் போட்டால் விசா கிடைப்பதே கஷ்டம். கட்டிய பணமும் திரும்பாது, வேறு ஊருக்கு மாற்றவும் முடியாது என்றும் சொல்லிவிட்டது. விசா கட்டணம் 185 டாலர். நம் பணத்தில் 15 ஆயிரத்துக்கு மேல்! விமான டிக்கெட், ஓட்டல், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் தனி.

பொய் சொன்னால் நிரந்தரத் தடை

சில பேர்வழிகள் இதற்கும் குறுக்கு வழி சொல்வார்கள். "பாங்காக்கில் குடியிருப்பதாக ஒரு வாடகைச் சீட்டு ரெடி பண்ணித் தருகிறேன்" என்பார்கள். இது விஷப் பரீட்சை! பொய்ப் பத்திரம் காட்டி விசா கேட்டது தெரிந்தால் அமெரிக்கச் சட்டப்படி ஆயுசுக்கும் தடை வரலாம். சீட்டு தந்த ஏஜென்ட் கம்பி நீட்டிவிடுவார். மாட்டிக்கொள்வது பாஸ்போர்ட்டுக்காரர்தான்.

பொய்யே சொல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. "உங்களுக்கு முன்பு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா?" என்று விசா படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. பாங்காக்கில் வாங்கிய மறுப்பு சென்னைக்கும் கூடவே வரும்.

ஐரோப்பா பக்கமும் இதே கதைதான். ஷெங்கன் நாடுகளின் விசாவுக்கு மனுச் செய்பவர், வசிக்கும் இடத்துக்கு உரிய தூதரகத்தில்தான் செய்ய வேண்டும். பயணம் போன ஊரில் மனுப் போட்டால், ஏன் சொந்த ஊரில் போடவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும். "அங்கே கியூ அதிகம் சார்" என்பதெல்லாம் அங்கே எடுபடுவது சந்தேகம்தான்.

பேறுகாலம் காத்திருக்குமா?

ஆனால் ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பாங்காக் வரை போய் விசா கேட்டவர்கள் எல்லாம் பணக்காரர்கள் அல்ல. மகளின் பிரசவத்துக்குப் போகத் துடிக்கும் அம்மாக்களும் உண்டு. பிரசவத்துக்கு உள்ள அவகாசம் பத்து மாதம். இன்டர்வியூ தேதி அதற்கு மேல் தள்ளிப் போனால் அந்தத் தாய் என்ன செய்வாள்?

அவசர இன்டர்வியூ என்று ஒன்று இருக்கிறது. உயிர் போகிற வைத்தியம், நெருங்கிய உறவினர் சாவு என்றால் கேட்கலாம். கல்யாணத்துக்குக் கிடையாது. கர்ப்பிணிக்கு ஒத்தாசையாகப் போவதற்கும் கிடையாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இது நியாயமா? ஊரைவிட்டுப் போகாதே, உள்ளூரிலேயே மனுப் போடு என்று சொல்கிறவர்கள், உள்ளூர் கியூவைக் குறைக்க வேண்டாமா? ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ ஜன்னல்களும் அதிகாரிகளும் கூட வேண்டும்.

கடிவாளம் தேவை

ஏஜென்டுகள் செய்கிற அட்டகாசமும் கொஞ்சநஞ்சமல்ல. கம்ப்யூட்டர் தந்திரத்தால் மொத்தமாகப் பிடித்து வைத்திருந்த சுமார் 2,000 இன்டர்வியூ தேதிகளை 2025 மார்ச்சில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது. நேர்மையாகக் காத்திருந்தவன் தேதியை இவர்கள் மடக்கி விற்றால் கியூ எப்படி நகரும்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுக்கு 1983-ம் வருஷத்துச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு வேண்டும். டூரிஸ்ட் விசா வாங்கித் தருகிறேன் என்பவருக்கு அந்தச் சட்டத்தில் பிடி இல்லை. பஞ்சாப் அரசு 2012-லேயே தனிச் சட்டம் போட்டு டிராவல் ஏஜென்டுகளை லைசென்சுக்குள் கொண்டுவந்தது. தமிழக அரசும் விசா ஏஜென்டுகளுக்கு அதுபோல் கடிவாளம் போட வேண்டும். "விசா கேரண்டி" என்று போர்டு மாட்டுகிறவர்கள் மீது போலீசார் கண் வைக்க வேண்டும்.

பொதுமக்களுக்கு நாம் சொல்வது இதுதான். விசாவுக்கு இங்கேயே மனுப் போடுங்கள். படிவத்தை நீங்களோ, வீட்டுப் பிள்ளைகளோ நிரப்புங்கள். கணக்கின் பாஸ்வேர்டை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். பாங்காக் போக ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். அமெரிக்க விசாவை மட்டும் அங்கே தேடாதீர்கள்!