சுட நாலு துப்பாக்கி, தூக்கிவிட ஒரு கை

ஜாம்பி கேம் என்றாலே பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ரத்தம்தான். பின்னால் நின்று ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்கும் அம்மாவுக்கும் அதுதான் தெரியும். அழுகிய முகங்கள் கூட்டமாக ஓடி வருகின்றன, பையன் விடாமல் சுட்டுக்கொண்டிருக்கிறான். "இதுல அப்படி என்னடா இருக்கு?" 2009-ல் ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்களும் கிட்டத்தட்ட இதே கண்ணோடுதான் பார்த்தார்கள். லெஃப்ட் 4 டெட் 2-க்கு முதலில் அனுமதி மறுத்து, அப்புறம் வெட்டிக் கொடுத்ததை மட்டும் விற்க விட்டார்கள். (வயது வந்தோருக்கென்று தனிப் பிரிவு வந்த பிறகு, 2014-ல் முழுசாகவே விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.)

ரத்தம் வாளி வாளியாக இருப்பது உண்மைதான். ஆனால் வெறும் ரத்தத்துக்காக ஒரே ஆஸ்பத்திரி மாடியில் ஒருவன் நூறாவது முறையாக ஏறி ஹெலிகாப்டருக்குக் காத்து நிற்க மாட்டான். சுடுவதுதான் சுகம் என்றால் அதற்குத் தனியாக ஆடும் கேம்கள் ஆயிரம் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து ஆடும் ஜாம்பி கேமில் ருசியே வேறு இடத்தில் இருக்கிறது: அடுத்தவன் இல்லாமல் முடியாது என்ற நிலைமையில்.

இந்த வகையை ஊரறிய வைத்தது 2008 நவம்பரில் வந்த முதல் லெஃப்ட் 4 டெட். செய்தது டர்ட்டில் ராக் ஸ்டூடியோஸ். அந்த வருட ஜனவரியில்தான் வால்வ் கம்பெனி அவர்களை வாங்கியிருந்தது. அதற்கு முன் அவர்கள் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்கு பாட் எழுதிக்கொண்டிருந்தவர்கள். துப்பாக்கியோடு சில மனிதர்கள், எதிரே வெறும் கத்தியோடு கம்ப்யூட்டர் ஓட்டும் பெரிய கும்பல் என்று விளையாட்டாகப் போட்டுப் பார்த்ததில் பிறந்த யோசனைதான் இது.

கும்பல் ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான மூளை ஹன்ட்டர் என்ற ஒரு ஜாம்பியில் இருக்கிறது. எங்கிருந்தோ பாய்ந்து ஒருவன்மேல் விழுந்து அமுக்கிவிடும். அமுங்கியவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி, கையில் எந்தத் துப்பாக்கி இருந்தாலும் சரி, அவனால் ஒன்றும் செய்ய முடியாது. வேறு யாராவது வந்து தள்ளிவிட வேண்டும், அல்லது ஹன்ட்டரைச் சுட வேண்டும். யாரும் வரவில்லையென்றால் கதை முடிந்தது. கல்லூரி ப்ராஜெக்ட்டில் நாலு பேர் பெயர் போட்டு ஒருவன் மட்டும் வேலை செய்தாலும் நாலு பேருக்கும் மார்க் வந்துவிடும். இங்கே அந்தப் பருப்பு வேகாது. ஹீரோ மாதிரி தனியாக முன்னால் ஓடுகிறவனும் காலி, ஒட்டிக்கொண்டே பிழைக்கலாம் என்று மெதுவாகப் பின்னால் வருகிறவனும் காலி.

அடுத்தது மருந்துப் பெட்டி. இதைப் பற்றி காமர்ஸ் வகுப்பில் ஒரு மணி நேரம் பாடமே எடுக்கலாம். ஒவ்வொரு பாதுகாப்பு அறையிலும் வழக்கமாக நாலு பெட்டி இருக்கும், ஆளுக்கு ஒன்றுதான் சுமக்க முடியும். அதைத் தனக்கே போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவனுக்கும் போடலாம். ஒருவனுக்கு 70 உயிர் பாக்கி, பெட்டியும் பத்திரமாக இருக்கிறது. இன்னொருவன் தன் பெட்டியைத் தீர்த்துவிட்டு 15 உயிரோடு நொண்டிக்கொண்டு வருகிறான். இரண்டு முறை விழுந்து எழுந்தவன் என்பதால் திரை கறுப்பு வெள்ளையாகிவிட்டது. மூன்றாவது முறை விழுந்தால் தூக்கிவிட முடியாது, சாவுதான். பெட்டியைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

கொடுப்பது தர்மம் மாதிரி தெரியும். கணக்குப் போட்டால் அது இன்ஷூரன்ஸ் பிரீமியம். அவன் செத்தால் ஒரு துப்பாக்கி குறையும், அடுத்த ஹன்ட்டர் பாயும்போது தள்ளிவிட ஒரு கை குறையும். ஆனால் பாலிசிப் பத்திரம் இல்லாத இன்ஷூரன்ஸ்! பெட்டியை வாங்கியவன் நாளைக்கு வந்து தூக்கிவிடுவான் என்பதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. பெயர் தெரியாத, பாஷை தெரியாத எவனோ ஒருவனை நம்பி இருந்த ஒரே முதலைப் போடுகிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து அவன் திரும்பி ஓடிவந்து தூக்கிவிடும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்குத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஜாம்பி சும்மா சாக்கு. யாரைச் சுடுகிறோம் என்று மனசாட்சி உறுத்தாத எதிரி, அவ்வளவுதான்.

ஜார்ஜ் ரொமேரோவின் 1968 படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே பிணங்கள், உள்ளே 'கீழறைக்குப் போவதா, மேலேயே இருப்பதா' என்று சண்டை. விடிவதற்குள் ஆறு பேர் போய்விடுகிறார்கள். மிஞ்சிய ஒருவனையும் காலையில் மீட்பு கோஷ்டியே ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அந்த ஏழு பேர் செய்யத் தவறியதை நாலு பேர் செய்து பார்க்க வாய்ப்புக் கொடுத்ததுதான் இந்த கேம்.

இதே டர்ட்டில் ராக் 2021-ல் பேக் 4 ப்ளட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கிராபிக்ஸ் பிரமாதம். ஆனால் ஆளாளுக்குச் சீட்டுக்கட்டு சேர்த்துத் தன் பலத்தைத் தானே கட்டிக்கொள்ளும் ஏற்பாடு. பக்கத்து ஆளைப் பார்க்கும் கண் தன் சீட்டைப் பார்க்கப் போய்விட்டது. 2023 பிப்ரவரியில் இனி புதிதாக எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். 2009-ல் வந்த பழைய கேமுக்கோ இன்றும் ஸ்டீமில் ஆள் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறையே ஓட்டுப் போட்டு ஆளை வெளியேற்றும் வசதி. தொல்லை பண்ணுகிறவனைத் துரத்தத்தான் வைத்தார்கள். நடப்பது என்னவென்றால், வழி தெரியாமல் முழிக்கும் புதியவன்தான் முதலில் வெளியே போகிறான். தவறுதலாக ஒரு குண்டு பழைய ஆள்மேல் பட்டுவிட்டால் போதும், ஓட்டு ஆரம்பம். நொண்டுகிறவனுக்கு மருந்து போடச் சொல்லும் விளையாட்டில், விளையாடவே நொண்டுகிறவனை நாலு நொடியில் தூக்கி எறிகிறார்கள். கம்ப்யூட்டர் பாட் அவன் இடத்துக்கு வந்தால் இன்னும் சுலபம் என்று வேறு பேச்சு. அப்படி நினைப்பவர்கள் வெறும் துப்பாக்கி கேமே ஆடிவிட்டுப் போகலாம்.

பாட்டால் செய்ய முடியாத ஒரு இடமும் இருக்கிறது. 2010 அக்டோபரில் வந்த 'தி சாக்ரிஃபைஸ்' பகுதியின் கடைசிக் காட்சி. பாலத்தை உயர்த்தினால் தப்பிக்கலாம். ஜெனரேட்டர் பாதியில் நின்றுவிடுகிறது. யாராவது ஒருவர் கீழே குதித்து அதை மறுபடி ஓட்டிவிட வேண்டும், குதித்தவர் திரும்புவதில்லை. கதைப்படி போனவர் பில் என்ற கிழவர். ஆட்டத்தில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். பாலத்தின் மேலே நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மைக்கில் ஒரு சத்தமும் இருக்காது. கும்பல் ஏறி வந்துகொண்டிருக்கும். அப்போது பெரும்பாலும் குதிப்பது, போன அறையில் யாரோ ஒருவரிடம் மருந்துப் பெட்டி வாங்கியவன்தான்.